திருவனந்தபுரத்தில் இரண்டு வகுப்புகளும் ஓர் எல்.கே.ஜி. நேர்காணலும்

இந்தப் பயணத்துக்குக் காரணம் பொன்னுக்கு வீங்கி. எனக்கில்லை, சுந்தருக்கு. என்னோடு கல்லூரியில் படித்தவன், இப்போது திருவனந்தபுரத்தில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். சனி ஞாயிறுகளில் வலியசாலையில் பெரியவர்களுக்கு இலவசமாக ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கிறான். 2006 பிப்ரவரியில் இரண்டு கன்னமும் வீங்கி வாயைத் திறக்க முடியாமல் கிடந்தான். "ரெண்டே வகுப்பு. பாடம் கல்வி. தாள் எல்லாம் தயார். வந்து எடு" என்று மின்னஞ்சல் வந்தது. எனக்கு விடுப்பு மீதம் இருந்தது, விழிஞ்ஞம் துறைமுகமும் பார்த்ததில்லை. சரி என்றேன்.

வெள்ளி இரவு ஏழரைக்கு எழும்பூரில் ஏறினால் சனி காலை பதினொன்றே முக்காலுக்குத் திருவனந்தபுரம். படுக்கை வகுப்பு 315 ரூபாய். மதுரைக்குப் பிறகு விழித்திருந்தால் நாகர்கோவில் பக்கத்து மலைகளைப் பார்க்கலாம். நான் தூங்கிவிட்டேன். ரயில் நிலையத்துக்கு எதிரே தம்பானூரில் விடுதி அறை, ஒரு நாளைக்கு 200. சுத்தம் சுமார், தண்ணீர் நன்றாக வரும். வலியசாலை அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர், ஆட்டோவுக்குப் பதினைந்து ரூபாய். நடப்பதே மேல்.

வகுப்பு ஓர் அச்சகத்தின் மாடியில், சனி மாலை நான்கிலிருந்து ஆறு வரை. பதினோரு பேர். கோவளம் ஓட்டல்களில் வரவேற்பு வேலைக்கு முயற்சி செய்பவர்கள் பாதிப் பேர். நான் மின்னணுவியல் படித்தவன், கட்டம் போட்டு அம்புக்குறி இழுத்தால்தான் எனக்கு எதுவும் புரியும். சுந்தரின் தாளை ஓரம் வைத்துவிட்டுக் கரும்பலகையில் ஒரு படம் வரைந்தேன். மேலே கேள்வி: உங்கள் படிப்பு என்ன? கீழே இரண்டு கிளை. படிப்பை முடித்தவர்கள் ஒரு பக்கம்: பட்டம், ஆண்டு, ஊர். முடிக்காதவர்கள் இன்னொரு பக்கம்: எதுவரை படித்தேன். எல்லாரும் தங்கள் கிளையைப் பிடித்து ஒரு வாக்கியம் சொல்லவேண்டும். இருபது நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ஜெபராஜ் எழுந்ததும் கணக்கு தவறியது. முப்பத்து நான்கு வயது, களியக்காவிளைப் பக்கத்துக்காரர், கரமனையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு கட்டடங்களுக்குத் தரை ஓடு ஒட்டுகிறார். மனைவி லீலா கடைசி பெஞ்சில். இருவருக்கும் திங்கட்கிழமை காலை ஒரு தனியார் பள்ளியில் நேர்காணல். மகள் அஜிதாவுக்கு எல்.கே.ஜி. இடம். பெற்றோரிடம் ஆங்கிலத்தில் பேசித்தான் குழந்தையைச் சேர்ப்பார்கள். அங்கே எல்.கே.ஜி.யில் நுழையாவிட்டால் பிறகு இடம் கிடைப்பது அரிது. ஆகவே அவருக்கு இந்தப் பாடம் பயிற்சி இல்லை, பரீட்சை.

"ஐ ஆம் எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயில்ட்" என்றார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

சென்னை வாசகர்களுக்கு ஒரு விளக்கம். தெற்கே இது ஒரு கல்வித் தகுதி. வேலை விண்ணப்பத்திலும் பெண் பார்க்கும்போதும் சாதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. அவர் சொன்னபடி நான் பலகையில் எழுதிய 'ஃபெயில்ட்' என்ற சொல்லை உடனே அழித்தேன்.

"சாரே, அத அழிக்காண்டாம்."

"ஃபெயில்னு நாமளே ஏன் சொல்லணும்? பத்தாம் வகுப்பு வரைக்கும் படிச்சேன்னு சொல்லுங்க. அதுவும் உண்மைதானே."

"அது பாதியில நின்னவன் சொல்லுயது. நான் பரிச்ச எழுதினேன், ரெண்டு தடவ. எனக்க ஊருல எட்டோட நின்னவன் இருக்கான், ஒம்பதோட நின்னவன் இருக்கான். அவனும் நானும் ஒண்ணா?"

கடைசி பெஞ்சிலிருந்து லீலா சிரித்தார். "பொண்ணு பாக்க வந்தப்பவும் இதத்தான் சொன்னாவ சார். எனக்க அப்பன், 'பரவால்ல, பரிச்ச வரைக்கும் போயிருக்கான்'னு சொல்லித்தான் சம்மதிச்சாரு."

முன்வரிசையில் ராஜலட்சுமி. வலியசாலை அக்ரஹாரத்தில் அப்பளமும் வற்றலும் போட்டு விற்பவர். "நான் பி.ஏ. ஹிஸ்டரி ஆக்கும். வாயைத் திறந்தா ஒரு வார்த்தை வரமாட்டேங்கறது. அவர் எவ்வளவு பளிச்சுனு சொல்றார். அதைப் போய் அழிக்கறேளே."

"மேடம், நேர்காணல் பத்து நிமிஷம். அந்த வார்த்தை காதுல விழுந்தா அதோட முடிஞ்சது" என்றேன். ஜெபராஜ் என் வாக்கியத்தை நோட்டில் எழுதிக்கொண்டார். அடியில் கோடு போட்டார்.

ஞாயிறு காலை எட்டரைக்குப் பத்மநாபசுவாமி கோயில். ஆண்கள் வேட்டி கட்டிச் சட்டை இல்லாமல்தான் போகமுடியும். வாசலருகே வேட்டி வாடகைக்குக் கிடைக்கிறது, பதினைந்து ரூபாய், ஆனால் முதல் நாள் ஈரம் காயாதது. கொண்டுபோவது உத்தமம். அரை இருட்டில் பெருமாளை மூன்று வாசல் வழியாக மூன்று துண்டாகப் பார்க்கவேண்டும். முழுதாகப் பார்க்கும் இடம் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. பின்னால் நின்றவர் முதுகில் தட்டியதும் நகர்ந்தேன். கோயிலை ஒட்டிய கிழக்கேகோட்டையிலிருந்து வகுப்புக்குப் பதினைந்து நிமிட நடை.

அன்று இன்னும் வேகமாக ஓட்டினேன். பிடித்த பாடம், பிடித்த ஆசிரியர், பள்ளிக்கு எவ்வளவு தூரம். பன்னிரண்டு மணிக்கு முடிக்கும்போது ஜெபராஜ் ஆங்கிலத்திலேயே ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் எதிலாவது ஃபெயில் ஆனதுண்டா? இல்லை என்றேன். அது பொய். கடைசியில் சொல்கிறேன்.

விழிஞ்ஞம் போகப்போகிறேன் என்றதும் அவரும் கிளம்பிவிட்டார். பேருந்திலேயே பயிற்சி செய்யலாமே என்று அவருக்கு. கிழக்கேகோட்டையிலிருந்து பதினைந்து கிலோமீட்டர், எட்டு ரூபாய், நாற்பத்தைந்து நிமிடம். நான் கேட்பேன், அவர் ஒப்பிப்பார். திருவல்லம் தாண்டும்போது நடத்துநர் எங்கள் பக்கம் குனிந்தார்.

"எந்தா சேட்டா, பரீட்சயோ?"

"அதே. நாளெ. எல்.கே.ஜி." என்றார் ஜெபராஜ், முகம் மாறாமல். பேருந்தில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

துறைமுகத்தில் படகுகள் நெருக்கிக்கொண்டு நின்றன. ஒரு கரையில் மசூதி, இன்னொரு பக்கம் தேவாலயம், நடுவே வலை உலர்த்தும் இடம். மதியம் போகாதீர்கள், நிழல் கிடையாது. காலை ஆறு மணிக்கு மீன் ஏலம் பார்க்கலாமாம். சாப்பாட்டுக் கடையில் மரவள்ளிக்கிழங்கும் மீன் கறியும் இருபத்திரண்டு ரூபாய். இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டவற்றில் அதுதான் சிறந்தது. சாப்பிடும்போது, எத்தனையோ பள்ளி இருக்க அந்தப் பள்ளியே ஏன் என்று கேட்டேன்.

"அங்க வராந்தாவுக்கு ஓடு ஒட்டுனது நான்தான். நாப்பது நாளு வேல. பிள்ளைய எல்லாம் தெனமும் பாப்பேன். ஒருத்தன் விழுந்தாலும் இங்கிலீஷ்லதான் அழுவான் சாரே, கேட்டோ."

திங்கள் காலை ஒன்பதரைக்கு அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். வரச் சொன்னது அவர்தான். என் ரயில் மாலை நான்கே காலுக்கு என்பதால் நேரம் இருந்தது. அழைக்கும்வரை ஜெபராஜ் குந்தி உட்கார்ந்து ஓடுகளை விரல் மடித்துத் தட்டிக்கொண்டிருந்தார். உள்ளே கலவை சரியாகப் பிடிக்காவிட்டால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடுமாம். ஒன்றுகூட ஓட்டைச் சத்தம் தரவில்லை. பத்தேகாலுக்கு அஜிதாவைக் கூட்டிக்கொண்டு இருவரும் உள்ளே போனார்கள். பத்து நிமிடம் என்று நான் சொல்லியிருந்தேன். இருபத்தைந்து நிமிடம் ஆனது.

எதிரே தேநீர்க்கடையில் லீலாதான் சொன்னார்.

"சார் எழுதிக் குடுத்தத மணி மாதிரி சொன்னாவ. பத்தாங்கிளாஸ் வரைக்கும் படிச்சேன்னு. அந்த மேடம் உடனே, 'ஒய் டிட் யு டிஸ்கன்டின்யூ?'ன்னு கேட்டாங்க. இவிய வாய் அடஞ்சுபோச்சு."

அடைக்காமல் என்ன செய்யும்? ஏன் பாதியில் நிறுத்தினீர்கள் என்பது கேள்வி. அவர் நிறுத்தவே இல்லை. என் படத்தில் அவருக்குக் கிளையே இல்லாததால் ஒரு பொய்க் கிளையில் உட்காரவைத்திருந்தேன். அடுத்த கேள்வி அங்கிருந்து எங்கே போகும் என்று யோசிக்கவே இல்லை. இது யாருடைய பிழை என்பதில் சந்தேகம் வேண்டாம்.

"ரெண்டாவது தடவையும் கேட்டாங்க. இவிய மேசையையே பாத்துட்டு இருக்காவ. போச்சு, சீட்டு போச்சுன்னு நெனச்சேன். பொறவு நானே சொல்லிட்டேன். மேடம், ஹி நாட் ஸ்டாப். ஹி ரைட் டூ டைம்ஸ். ஃபெயில்."

"ஒம்பதாம் கிளாசுக்காரி எனக்க மானத்த வாங்கிட்டா" என்றார் ஜெபராஜ்.

"வாங்கல்ல, மீட்டுக் குடுத்தேன். எந்தப் பாடம்னு மேடம் கேட்டதும்தான இவியளுக்கு உயிர் வந்துது. 'இங்கிலீஷ் மேடம், ஃபர்ஸ்ட் டைம் ட்வென்டி எய்ட், செகன்ட் டைம் தர்ட்டி ஒன்'னு சொன்னாவ. அவ்வளவு ஜோராட்டு. மேடம் சிரிச்சிட்டாங்க. இப்பவும் இங்கிலீஷ் கிளாசுக்குப் போறாவன்னு நான் சொன்னேன், அப்ப இப்ப எதுக்குப் படிக்கியன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று ஜெபராஜைக் கேட்டேன்.

"தர்ட்டி ஃபைவ் வேணும் மேடம்னு சொன்னேன்."

அதன் பிறகு அவர் வேலை, இரண்டாவது பரீட்சைக்குப் பின் அப்பா அவரைக் கொத்தனாரிடம் கூட்டிப்போனது, வார இறுதி வகுப்பு எல்லாம் பேசியிருக்கிறார்கள். ஆங்கிலம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "ஒடஞ்சுதான் இருந்துது. ஆனா எனக்க ஆளுதான் பேசினாவ" என்றார் லீலா. பிறகு என் பக்கம் திரும்பி, "சாரு ஒண்ணுலயும் தோக்காத ஆளு. அதான் தோத்தவங்க காரியம் பிடிபடல்ல" என்று சிரித்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். தேநீருக்கு ஜெபராஜ் என்னைக் காசு கொடுக்கவிடவில்லை. நான் உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பதிமூன்று நாள் கழித்து சுந்தரிடமிருந்து மின்னஞ்சல். அஜிதாவின் பெயர் பள்ளி அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. ஜெபராஜ் சனிக்கிழமை வகுப்புக்கு லட்டு கொண்டுவந்தாராம். அந்தப் பதிலால்தான் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. குழந்தையிடமும் நிறம், எண் எல்லாம் கேட்டிருக்கிறார்கள், அவளே நன்றாகச் சொல்லியிருக்கலாம். என் வாக்கியத்தால் கிடைக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மூன்று நாளுக்குப் பயணம், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 1,480 ரூபாய் ஆனது. பிப்ரவரியிலேயே புழுக்கம் உண்டு, பருத்திச் சட்டை போதும். தமிழ் எல்லாருக்கும் புரியும், ஆனால் பேருந்துப் பலகைகள் மலையாளத்தில்தான், கேட்டு ஏறுங்கள். வேட்டி மறக்கவேண்டாம். சுந்தருக்கு இப்போதும் வார இறுதி ஆட்கள் தேவை. கல்விப் பாடம் எடுக்கப் போகிறவர்கள் பலகையில் படம் வரையும் முன் எல்லாரையும் ஒருமுறை பேசவிடுங்கள். கிளைகளை அவர்களே சொல்வார்கள். அடுத்த கேள்வியையும் அடுத்ததற்கு அடுத்த கேள்வியையும் கேட்டுப்பாருங்கள். உங்கள் வாக்கியம் தாங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

உங்களையும் கேட்பார்கள். ஃபெயில் ஆனதுண்டா என்று. பாடத்தின் பெயரோடும் மதிப்பெண்ணோடும் சொல்லுங்கள். என்னுடையது: மூன்றாம் பருவக் கணிதம். முதல் தடவை முப்பத்தெட்டு, இரண்டாம் தடவை நாற்பத்தொன்று, மூன்றாம் தடவை சரியாக ஐம்பது, தேர்ச்சிக்கு வேண்டியது அவ்வளவே. மூன்றாவது தடவைக்கும் கட்டணம் கட்ட எனக்கு அப்பா இருந்தார். ஜெபராஜின் அப்பா கொத்தனாரிடம் கூட்டிப்போனார். என் தகுதிக் குறிப்பில் அந்தப் பருவம் ஒரே வரியில், தேர்ச்சி என்று இருக்கிறது.

இந்தப் பதிவை அச்செடுத்து வரும் சனிக்கிழமை வகுப்பில் வாசிக்கும்படி சுந்தருக்கு அனுப்பியிருக்கிறேன். வாசிக்கும் வேலையை ஜெபராஜிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.