சமையல் கொட்டகையில் பதினோரு தொட்டில்கள்

போடிமெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் இறங்கினால் வரும் ஒரு தேயிலை எஸ்டேட்டின் பள்ளிக்கூடத்தில் அழகுத்தாய் மதிய உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பத்து வருஷம் கொழுந்து பறித்தவள். எழுபத்தொன்றாம் வருஷத்து மழையில் சரிவில் உருண்டு விழுந்ததில் இடது தோள் இறங்கிப்போனது. இனிக் கூடை சுமக்க முடியாது என்று ஆனபிறகுதான் இந்த வேலை கிடைத்தது.

எழுபத்து நாலு ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் நாள், தமிழ்ப் பிரிவின் ஒரே ஆசிரியரான பொன்ராஜ் அடுப்படிக்கு வந்து நின்றார். போடிக்காரர், அவளைவிட ஐந்தாறு வயது இளையவர்.

“அக்கா, தமிழ்ப் பிரிவை எடுத்திருவாக போலிருக்கு. ஜூலை பதினஞ்சு கல்வி ஆபீசர் ஏ.இ.ஓ. வந்து தலை எண்ணுறாரு. நாப்பது பிள்ளைக இல்லைன்னா தமிழ் வாத்தியாரே வேண்டாம்னு எழுதிருவாராம்.”

“இப்ப எத்தனை பேரு சார்?”

“முப்பத்தொண்ணு.”

“பேரு முப்பத்தொண்ணு. நான் கழுவுற தட்டு இருபத்தாறுதான்.”

தமிழ்ப் பிரிவு போனால் மிச்சம் மலையாளப் பிரிவுதான். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அங்கே போய் ஒரு மாதம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு நின்றுபோனதை இருவருமே பார்த்திருக்கிறார்கள்.

மறுநாள் உப்புமாச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அழகுத்தாய் மேல் டிவிஷனில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களுக்கு ஏறினாள். பெரியவர்கள் எல்லாரும் தேயிலைக் காட்டில் இருந்தார்கள். ஏழு வயது, எட்டு வயதுப் பெண்பிள்ளைகள் ஆளுக்கொரு கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். அவளும் அப்படி நின்றவள்தான். அவள் தூக்கி வளர்த்த தம்பிகள் நாலு பேர். கடைசித் தம்பி இறங்கி நடந்தபோது அவளுக்கும் எஸ்டேட்டில் பேர் பதிந்து கூடை கொடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் சின்னத்தாயி வேலை முடிந்து வரும்வரை காத்திருந்தாள். சின்னத்தாயியின் மூத்தவள் சோலைக்கு எட்டு வயது. இடுப்பில் பத்து மாதத் தம்பி.

“இவ பள்ளிக்கூடம் போனா கைப்பிள்ளையை யாருக்கா பாப்பா?” என்றாள் சின்னத்தாயி. “பிள்ளைக் காப்பகம் ஃபேக்டரிகிட்ட கெடக்கு, மூணு மைலு. நான் ஏழு மணிக்குப் பெரட்டுல நிக்கணும்.” காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் இடம்தான் பெரட்டு. பிந்தினால் அன்றைக்கு வேலை கிடையாது.

“சோலையோட தம்பியையும் அனுப்பு. நான் பாத்துக்கிறேன்.”

“நீ உப்புமா கிண்டுவியா, பிள்ளைய ஆட்டுவியா?”

“கிண்டிக்கிட்டே ஆட்டுவேன்.”

சமையல் கொட்டகையின் ஒரு பாதியை மூங்கில் தட்டியால் மறைத்து, விட்டத்தில் பழைய சேலையைக் கட்டினாள். முதல் நாள் ஒரு தொட்டில். ஜூன் முடிவதற்குள் பதினொன்று. ஒரே கயிற்றில் எல்லாவற்றையும் பிணைத்து, கயிற்றின் நுனியைத் தன் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டாள். இடைவேளை மணி அடித்ததும் அக்காமார்கள் ஓடிவந்து ஆளுக்கொரு தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். தலைமை ஆசிரியர் இரண்டு நாள் முகத்தைச் சுளித்தார். மூன்றாம் நாள், அழுத பிள்ளை ஒன்றை அவரே ஆட்டிவிட்டுப் போனார். அந்தப் பதினோரு வீடுகளிலிருந்து பதினைந்து பேர் புதிதாக வந்தார்கள். தமிழ்ப் பிரிவின் தட்டு நாற்பத்தொன்று ஆனது.

ஜூலை பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை, எஸ்டேட் சூப்பர்வைசர் கபிரியேல் குடையோடு வந்து கொட்டகையைப் பார்த்தார்.

“அடுப்புக்குப் பக்கத்துல பதினோரு பிள்ளைக. தீப்பிடிச்சா துரைகிட்ட யாரு பதில் சொல்றது? திங்கக்கிழமை ஒரு தொட்டிலும் இங்க தொங்கக்கூடாது.”

திங்கட்கிழமைதான் பதினைந்து. அவர் பயம் நியாயம்தான் என்பது அவளுக்கும் தெரிந்தது. எதிர்த்துப் பேசினால் வேலை போகும், லயத்து வீடும் போகும் என்பதும் தெரிந்தது. அன்று சாயங்காலமே சின்னத்தாயியிடம் போய்ச் சொன்னாள்.

“பொம்பளைப் பிள்ளைக பள்ளிக்கூடம் போகட்டும். கைப்பிள்ளைகளை நாங்க பெரட்டுக்குத் தூக்கிட்டு வாரோம்” என்றாள் சின்னத்தாயி.

திங்கட்கிழமை விடிந்தபோது மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. முதுகில் கூடை, இடுப்பில் பிள்ளை, தலைக்கு மேல் சாக்கு என்று பதினோரு பெண்கள் வரிசையில் நின்றார்கள். அழகுத்தாயும் அவர்களோடு போய் நின்றாள்.

“என்ன இது?” என்றார் கபிரியேல்.

“கொழுந்து பறிக்கப் போறோம் அய்யா” என்றாள் சின்னத்தாயி. “பிள்ளைய எங்க விடச் சொல்றீகளோ, அங்க விட்டுட்டுப் போறோம்.”

பின்னால் நின்ற மற்ற பெண்களும் நகரவில்லை. கொழுந்து குவியும் மாதம் அது. ஃபேக்டரி காத்துக்கொண்டிருந்தது. கால் மணி நேரத்தில் மானேஜர் துரையின் ஜீப் வந்தது. கபிரியேல் விஷயத்தைச் சொன்னார். துரை அழகுத்தாயைப் பார்த்தார்.

“தீதானே பயம் அய்யா?” என்றாள் அவள். “அடுப்பை நான் வெளியே கொண்டுபோயிர்றேன். மழைக்கு மறைக்க நாலு தகரம் குடுங்க, போதும். கொட்டகை பிள்ளைகளுக்கு இருக்கட்டும்.”

துரை சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். “ஸ்டோர்ல தகரம் எடுத்துக் குடு” என்று கபிரியேலிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். எட்டு மணிக்கு அழகுத்தாய் கொட்டும் மழையில் கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். தகரத்தைப் பிடித்துக் கட்டியது கபிரியேல்தான்.

பதினொரு மணிக்கு ஏ.இ.ஓ. நனைந்துபோய் வந்துசேர்ந்தார். பிள்ளைகளை இரண்டு தரம் எண்ணினார். ஒருநாள் கணக்குக்குக் கூட்டி வந்த பிள்ளைகளோ என்ற சந்தேகம் அவருக்கு. புதிய பேர்களாகப் பார்த்துக் கூப்பிட்டு, கரும்பலகையில் எழுதச் சொன்னார். சோலை தன் பேரை எழுதினாள். அதோடு நிற்காமல், கீழே தம்பியின் பேரையும் அம்மாவின் பேரையும் எழுதினாள். மற்ற பதினான்கு பேரும் அவரவர் பேரை எழுதினார்கள். ஒருத்தி மட்டும் ஒரு எழுத்தைத் திருப்பிப் போட்டாள்.

அப்போது கொட்டகையில் பிள்ளை அழுதது. சத்தம் என்னவென்று கேட்ட ஏ.இ.ஓ.வைப் பொன்ராஜ் அங்கே கூட்டிப்போனார். அவர் தொட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி அந்தக் கோடிவரை நடந்தார். “இவங்களும் ஒருநாள் கிளாஸுக்கு வரும் அல்லே?” என்று தன் மலையாளத் தமிழில் சொன்னார். பிறகு பதிவேட்டில் நாற்பத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தமிழ்ப் பிரிவு நிலைத்தது. அடுத்த வருஷம் பிள்ளைகள் அறுபதைத் தாண்டினார்கள், இரண்டாவது தமிழ் ஆசிரியர் வந்தார். எழுபத்தேழில் எஸ்டேட் நிர்வாகம் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஓட்டுக் கட்டிடத்தில் பிள்ளைக் காப்பகம் கட்டியது. அழகுத்தாயை அங்கே ஆயாவாகப் போட்டார்கள்.

எழுபத்தெட்டு மார்ச்சில் சோலையோடு இன்னும் ஆறு பெண்பிள்ளைகள் நாலாம் வகுப்பு தேறினார்கள். அதற்கு மேல் படிக்கப் பூப்பாறைக்குப் போக வேண்டும். அந்த லயங்களிலிருந்து அதுவரை ஒரு பெண்பிள்ளையும் போனதில்லை. ஜூனில் சேர்க்கைக்கு அழகுத்தாய் கூட்டிப்போவதாகத்தான் பேச்சு. ஆனால் அன்று காலை ஏழு அம்மாக்களும் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, நல்ல சேலை கட்டி, பூ வைத்து ரோட்டில் வந்து நின்றார்கள்.

பஸ் நின்றது. கூட்டத்தைப் பார்த்த கண்டக்டர், “என்ன, கல்யாணமா?” என்று கேட்டார்.

“இல்லைங்கய்யா” என்றாள் அழகுத்தாய், பிள்ளைகளை முன்னால் ஏற்றிவிட்டபடி. “அஞ்சாங்கிளாஸு.”