அக்கரையில் உலியானா இருக்கிறாள்

மோத்ரியாவுக்கு வாயைவிடக் கை முந்தும். தர்பூசணித் தோட்டங்களில் டிராக்டர் ஓட்டியே காய்த்துப்போன கை. தன் கல்யாண விருந்திலேயே வம்பிழுத்த குடிகாரன் ஒருவனின் முன்பல்லைப் பெயர்த்தவள் என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த ஓஸ்தாப் ஓர் அப்பாவி. ஊரை ரஷ்யப் படை பிடித்தபோது முதலில் மாட்டியவனும் அவன்தான்.

வேட்டைத் துப்பாக்கியை எங்கே ஒளித்தாய் என்று கேட்டு, பள்ளிக்கூடத்து நிலவறையில் கட்டிப்போட்டு அடித்தார்கள். ஆற்றில் எறிந்துவிட்டேன் என்றான். அதுதான் உண்மை. அந்த உண்மையை யாரும் நம்பவில்லை. பிணத்தை அவள்தான் கழுவினாள். ஈரத்துணியை அழுத்தியபோது உடைந்த விலா எலும்புகள் உள்ளே புரண்டன. அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சட்டையைப் போட்டுவிட்டாள்.

அப்புறம் நம் படை வந்தது. தினிப்ரோ ஆற்றின் இந்தக் கரை நமக்குத் திரும்பியது, அக்கரை அவர்களிடமே நின்றுவிட்டது. மோத்ரியாவின் ஒரே தங்கை உலியானா வாழ்க்கைப்பட்டது அக்கரையில். மகன் லெவ்கோ பட்டாளத்தில் சேர்ந்து கிழக்கே போனான். ஆக ஒரு பக்கம் பிள்ளை, ஒரு பக்கம் தங்கை. அக்கரையைக் கொடுத்துவிட்டால் சண்டை நிற்கும், பையன்கள் வீடு திரும்புவார்கள் என்ற பேச்சு கிளம்பியபோது எங்கள் ஊரே இரண்டாகப் பிளந்தது. மோத்ரியா மட்டும் ஒரே பிடியில் நின்றாள்.

"அக்கரைன்னா என்ன, கிழிஞ்ச செருப்பா, தூக்கிக் குடுக்க? அங்க என் தங்கச்சி இருக்காடா!" என்று ரொட்டிக்கடையில் கத்தினாள். கடைக்காரன் வாயை மூடிக்கொண்டான். அவனுக்குப் பல் முக்கியம்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, செத்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிடும் நாள். கல்லறையில் துணி விரித்து, ஈஸ்டர் ரொட்டியும் சாயம் போட்ட முட்டையும் உப்பிட்ட பன்றிக்கொழுப்பும் வைத்து, செத்தவருக்கும் ஒரு கிளாஸ் வோட்கா ஊற்றுவோம். இந்த வருஷம் யாரும் இடுகாட்டுப் பக்கம் போகக் கூடாது, குண்டு போடும் ட்ரோன் ஆளைத் தேடிச் சுற்றுகிறது என்று அறிவித்திருந்தார்கள். உயிரோடு இருப்பவன் சொல்லி, செத்தவனைப் பட்டினி போடுகிற ஊரா எங்களுடையது? போனோம்.

மோத்ரியாவோடு ஓஸ்தாப்பின் தம்பி பனாஸ் வந்தான். பஸ் டிரைவர். மூத்த மகனைப் போன வருஷம் சண்டையில் பறிகொடுத்தவன். இளையவன் யாரெமா இப்போதும் போர்முனைப் பதுங்குகுழியில். அவள் பையிலிருந்து வெள்ளை மேசைவிரிப்பை எடுத்ததும் பனாஸ் பதறினான்.

"அண்ணி, வெள்ளை வேணாம். மேலேருந்து பளிச்சுனு தெரியும். இந்தச் சாக்கைப் போடுங்க."

"உங்கண்ணனுக்குச் சாக்குல பரிமாறச் சொல்றியா?" வெள்ளையைத்தான் விரித்தாள்.

கல்லறையில் சண்டை போடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். மூன்றாவது கிளாஸ் உள்ளே போனதும் பனாஸுக்கு வழக்கமெல்லாம் மறந்துபோயிற்று.

"குடுத்துத் தொலைக்கலாம் அண்ணி. ஒருத்தனைக் குடுத்துட்டேன். இன்னொருத்தனையும் குடுக்க எனக்குத் தெம்பு இல்ல."

"அந்தக் கரையிலயும் மனுசங்கதானே?"

"உங்க தங்கச்சிக்காக எம் புள்ள சாகணுமா?"

"எம் புள்ளையும் சண்டையிலதானேடா நிக்கிறான்!"

"அவன் உசுரோட இருக்கான். அதான் உங்களுக்கு வாய் நீளுது."

கை முந்திவிட்டது. அறை விழுந்த வேகத்தில் பனாஸ் பக்கத்துக் கல்லறைமேல் சாய்ந்தான். உதட்டிலிருந்து ரத்தம். எழுந்து வந்து அவள் தலைத்துணியைப் பிடித்து இழுத்தான். செத்தவனின் ரொட்டியை மிதித்துக்கொண்டு இரண்டு பேரும் கட்டிப்புரண்டார்கள். அந்தக் கூச்சலில், தலைக்குமேல் வண்டு மாதிரி ரீங்கரித்ததை யாரும் கேட்கவில்லை.

முதல் குண்டு வெள்ளைத் துணியின் ஓரத்தில் விழுந்தது. புகை விலகியபோது பனாஸின் இடது காலில் முழங்காலுக்குக் கீழே எதுவும் ஒழுங்காக இல்லை. தோலில் தொங்கிய பூட்ஸைப் பார்த்து அவன் கத்தினான். மோத்ரியா அவன் இடுப்பு பெல்ட்டை உருவித் தொடையில் சுற்றி, எலும்பு நோகிற மட்டும் இறுக்கினாள். அக்குளில் கைகொடுத்து வேலமரத்தடிக்கு இழுத்தாள். மண்ணில் ரத்தம் கோடு கிழித்துக்கொண்டே வந்தது. ட்ரோன் விடவில்லை. அவசரமே இல்லாமல், மேலேயே நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

புருஷன் நிலவறையில் செத்தபோதும் கலங்காத மோத்ரியா அப்போது உடைந்துபோனாள். இரண்டு கையையும் வானத்தைப் பார்த்துத் தூக்கினாள்.

"எடுத்துக்கோங்கடா! அக்கரைய எடுத்துக்கோங்க! உலியானாவையும் எடுத்துக்கோங்க! எங்கள விட்ருங்கடா!"

இரண்டாவது குண்டு விழுந்தது.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் அவள் தோளிலிருந்து இரும்புத் துண்டுகளை எடுத்தார்கள். பனாஸின் காலை அறுத்துவிட்டார்கள். சாயங்காலம் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் கண் திறந்தான்.

"நீங்க கத்துனது என் காதுல விழுந்துச்சு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் அண்ணி."

ஓங்கி அறைந்த அந்தக் கன்னத்தை அவள் தடவிக்கொடுத்தாள்.

அப்போது உலியானா ஃபோனில் கூப்பிட்டாள். அக்கரையில் ஃபோன் பேசி மாட்டினால் நிலவறைதான். வைக்கோல் பரணில் ஒளிந்து, குசுகுசுவென்று நாலு வார்த்தை பேசுவாள், அவ்வளவுதான்.

"அக்கா, இங்க எல்லாரும் பேசிக்கிறாங்க. எங்கள அவங்களுக்கே குடுத்துடுவீங்களாமே? நெசமா?"

அப்படிச் சொன்னவன் வாயைக் கிழிக்கிறேன் என்று கத்தியிருக்க வேண்டிய மோத்ரியா, சுவரில் தலையைச் சாய்த்தாள். பொய் சொல்ல ஒரு நொடி போதும். அவளால் முடியவில்லை.

"குடுத்துட்டேன்டி. மத்தியானம் கல்லறையில, ட்ரோன் தலைக்குமேல நிக்கையில, உன்னை எடுத்துக்கோன்னு என் வாயாலயே கத்துனேன். உசுருக்குப் பயந்து உன்னைக் குடுத்துட்டேன்." மூச்சு வாங்கியது. "குடுத்தப்புறமும் குண்டு போட்டான் உலியானா. அப்புறமும் போட்டான்."

லைன் அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். அறுந்திருந்தால் தேவலை என்றும் நினைத்தாள்.

"உனக்கு எங்கக்கா அடி?" என்றாள் உலியானா. "ரொம்ப வலிக்குதா?"

ஓஸ்தாப்பைக் கழுவியபோது வராத அழுகை இப்போது வந்தது. ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, வார்டு முழுக்கக் கேட்கும்படி மோத்ரியா அழுதாள்.