ஃபேக்டரிக் காது

திருப்பூரில் அப்ரூவல் இல்லாமல் ஒன்றும் நகராது. சிவப்புத் துணி சிவப்புத்தானா என்று இங்கே கண் சொல்லாது, கடல் தாண்டி உட்கார்ந்து சட்டை வாங்குகிற பையர் அனுப்பும் மெயில்தான் சொல்லும். பட்டனுக்கு ஓர் அப்ரூவல், பட்டன் தைக்கிற நூலுக்கு ஓர் அப்ரூவல், சட்டையை மடித்துப் போடுகிற பாலிதீன் பைக்கும் ஒன்று வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் இருபத்திரண்டு வருஷம் பிழைத்தவனுக்கு, தன் காதுக்கும் யாராவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் தேவலை என்று தோன்றியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் எரிச்சல் வராமல் இருக்குமா? ஜெயபாண்டியைத் தெரிந்த எவருக்கும் வரும்.

ஜெயபாண்டி அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரன். மகுடேஸ்வரனின் நிட்டிங் கம்பெனியில் ஃபிட்டர். நூலைத் துணியாகப் பின்னுகிற வட்ட மெசின்கள் அங்கே பதினாறு, ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் ஊசிகள். பதினாறும் ஒன்றாக ஓடும்போது, பக்கத்தில் நிற்பவனிடம் நேரம் கேட்பதற்கே தொண்டை கிழியும். அந்த இரைச்சலுக்கு நடுவே பாண்டி டீ கிளாசும் கையுமாக நடந்து போவான். திடீரென்று ஒரு மெசின் முன்னால் நின்று ஸ்டாப் பட்டனை அமுக்குவான். "க்யா ஹுவா, பையா?" என்று, என்ன ஆச்சோ எனப் பீகார்க்கார ஆப்பரேட்டர் பதறுவான். "ஊசி ஒண்ணு வளைஞ்சிருக்கு, பாரு" என்பான் பாண்டி. டார்ச் அடித்துத் தேடினால் வளைந்த ஊசி இருக்கும். இல்லாமல் போன நாள் ஒன்றுகூடக் கிடையாது. புது ஆட்கள் வந்தால் மகுடேஸ்வரன் அவனைக் காட்டி, "நம்ம பாண்டிக்குக் காதுலயே கண்ணு இருக்குதுங்க" என்று பெருமையடித்துக்கொள்வார்.

அவனுக்குப் பாட்டுக் கேட்பதில் பித்து. புது மெசின் வந்திறங்கிய மரப்பெட்டியின் பிளைவுட்டை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தான். கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் ஸ்பீக்கர்களைப் பொறுக்கினான். எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்து ஒரு ஜோடி பாக்ஸ் செய்தான். அளக்க மீட்டர் கிடையாது, வரைபடம் கிடையாது. பாட்டைப் போடுவான், கேட்பான், பெட்டிக்குள் ஒரு பிடி பனியன் துணி வேஸ்ட்டைத் திணிப்பான், மறுபடி கேட்பான். பாட்டு அமுங்கினால் அரைப் பிடியை உருவி எடுத்துவிடுவான். கடைசியில் ஒரு நாள் அவன் மனைவி சித்ராதேவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏங்க, தவில்காரரு நம்ம வீட்டுக்குள்ளயே வந்து ஒக்காந்துட்டாரே!" என்றாள்.

ஒரு மனிதனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? இவனுக்கு அப்ரூவல் வேண்டியிருந்தது.

அதைக் கொடுப்பதற்கென்றே கோயம்புத்தூரில் தரணி என்றொரு மகானுபாவன் இருந்தான். யூடியூபில் 'தங்கக்காது' என்று சேனல் நடத்துகிறவன். தலையில் கறுப்புத் தொப்பி, முதுகுக்குப் பின்னால் நீல விளக்கு. ஒரு ஸ்பீக்கரைப் பற்றி இருபத்தைந்து நிமிஷம் பேசுவான், அதில் ஸ்பீக்கர் பாடுவது இருபது விநாடி. "மிட்ல தேன் ஒழுகுதுங்க" என்பான். "பேஸ் எறங்குது, ஆனா ஒக்காரலீங்க" என்பான். எங்கே இறங்குகிறது, எதன்மேல் உட்கார வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. கம்பெனிக்காரன் புது மாடல் அனுப்பிவைத்தால், போன மாதம் தேன் ஒழுகியது இந்த மாதம் பிசுபிசுக்கும். அதையும் நாக்கூசாமல் சொல்வான். இவனை நம்பி ஒரு லட்சம் பேர். அந்த லட்சத்தில் திருப்பூர்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், அனுப்பர்பாளையத்தில் கார்மெண்ட்ஸ் வைத்திருக்கும் சிவபிரகாஷின் மாடி ஹாலில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு கூடுவார்கள். தரணி வந்து நடுநாற்காலியில் அமர்ந்து அருள்வாக்குச் சொல்வான்.

பாண்டி தன் பாக்ஸ்களைக் கம்பளியில் சுற்றி, ஆட்டோவில் ஏற்றி அங்கே கொண்டுபோனான். பையருக்கு சாம்பிள் கொண்டுபோகிற அதே பயபக்தி.

தரணி பெட்டிகளைச் சுற்றி வந்தான். விரலை மடக்கித் தட்டினான். "இது பேக்கிங் பொட்டி ப்ளைவுட்டுங்களா?" என்றான். அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. பாட்டு அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது, அதிலும் பாதிதான் கேட்டான்.

"மிட்ல ஒரே சேறுங்கண்ணா. பாடறவங்க எதிர்லயே நிக்கற மாதிரி ஸ்டேஜுன்னு ஒண்ணு இல்லவே இல்லீங்க."

"எனக்கு நல்லாத்தான கேக்குது, தம்பி" என்றான் பாண்டி.

தரணி இரக்கத்தோடு சிரித்தான். "தப்பா நெனைக்காதீங்க. இருவது வருசத்துக்கு மேல மெசின் சத்தத்துலயே நின்னிருக்கறீங்க. உங்களுது ஃபேக்டரிக் காதுங்க. அது போன காது. நாங்க சொல்றதக் கேட்டுக் கேட்டுத்தான் பழக்கிக்கோணும்."

பன்னிரண்டு தலைகளும் ஆடின.

சூடு சொரணை உள்ளவன் அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பான். பாண்டி பெட்டிகளைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தான். அடுத்த ஞாயிறு ரம்பத்தால் அறுத்து, செருப்பு வைக்கிற ஸ்டாண்டு ஆக்கினான். மடையன்! தன் கையால் எட்டு மாதம் செய்ததைத் தன் கையாலேயே ஒன்றரை மணி நேரத்தில் அறுத்துப் போட்டான். பிறகு தரணி கைகாட்டிய ஸ்பீக்கர்களை வாங்கி வந்து வைத்தான்.

"என்னங்க இது, பாடுறவுக தகர டப்பாவுக்குள்ள நின்னு பாடுறாக?" என்றாள் சித்ராதேவி.

"ஒனக்கு என்ன தெரியும்? எரநூறு மணி நேரம் ஓடுனாத்தான் சத்தம் பழகும்னு தரணி சொல்லியிருக்காப்ல."

இருநூறு மணி நேரத்தையும் ஓட்டினான். இருவரும் வேலைக்குப் போன பிறகும் பூட்டிய வீட்டுக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு வேலாத்தாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சாயங்காலம் வாசலில் பாண்டியை மறித்தாள். "ஏனுங் கண்ணு, ஆளில்லாத ஊட்டுல ஆருக்குங்க பாட்டு?"

ஸ்பீக்கர் சத்தம் கடைசிவரை பழகவில்லை. பழகியது பாண்டிதான். பாட்டுப் போடும்போது ஃபோனில் தரணியின் ரிவ்யூவைத் திறந்து வைத்துக்கொள்வான். தேன் என்று சொல்லியிருக்கும் இடத்தில் தேன் என்று தலையாட்டுவான். உள்ளுக்குள் தகரமாகக் கேட்டால், 'போன காதுதானே' என்று தன்னையே அதட்டிக்கொள்வான்.

வீட்டோடு நின்றிருந்தால் கிறுக்கு என்று விட்டுவிடலாம். அது கம்பெனிக்குள்ளும் அவனோடு வந்துவிட்டது. டீ கிளாசோடு நடப்பதில் குறைவில்லை. ஆனால் ஒரு மெசின் முன்னால் நின்றால் கை பட்டனுக்குப் போவதில்லை. நிஜமாகவே கேட்டதா, நமக்குத்தான் அப்படித் தோன்றியதா என்று யோசிப்பான். யோசித்து முடிப்பதற்குள் ஆப்பரேட்டரே எதையாவது கண்டுபிடித்திருப்பான். காது போனால் தன்னிடம் மிச்சம் இருப்பது ஒரு ஸ்பேனர்தான் என்று அவனுக்குத் தெரியும். அந்த பயத்தில் கையை இன்னும் பின்னால் இழுத்துக்கொண்டான்.

அந்தச் சமயத்தில் மகுடேஸ்வரன் பதினேழாவதாக ஒரு மெசின் வாங்கினார். ஓட்டிக் காட்ட சர்வீஸ் எஞ்சினியர் வந்தார். மெசின் ஓட ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷம் பாண்டிக்குக் கேட்டுவிட்டது. ஒரு சுற்றுக்கு ஒரு 'டிக்'. ஏதோ ஓர் ஊசி லேசாகச் சாய்ந்து, நூலை ஊட்டுகிற கைடை உரசுகிறது.

"சார், ஒரு சத்தம் வருதே..." என்று இழுத்தான்.

எஞ்சினியர் தன் ஃபோனில் மெசின் சத்தத்தை அளக்கிற ஆப்பைத் திறந்து நீட்டினார். திரையில் பச்சை விளக்கு. "எல்லாம் நார்மல். பாருங்க, பச்சை."

பாண்டி பச்சையைப் பார்த்தான். டிக் என்றது மெசின். அவன் வாயை மூடிக்கொண்டு போய்விட்டான்.

மூன்று நாள் ஓடியது. நானூறு கிலோ துணி. பின்னிய வெள்ளையில் ஒன்றும் தெரியவில்லை. சாயப்பட்டறைக்குப் போய் நேவி ப்ளூவாகத் திரும்பி வந்தபோது, வகிடு எடுத்த மாதிரி நீளத்துக்கும் ஒரு கோடு. எல்லா ரோலிலும் அதே கோடு. ஏற்றுமதிக்கு ஆகாது, வெட்டித் துடைக்கத்தான் ஆகும்.

மகுடேஸ்வரன் அவனை ஆபீசுக்குக் கூப்பிட்டார். கத்தவில்லை. மேசைமேல் துணியை விரித்துப் போட்டுக் கேட்டார். "ஏனுங்க பாண்டி, உங்களுக்குக் கேக்குலீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "கேட்டுச்சு, மொதலாளி" என்றான்.

"கேட்டுச்சுங்களா? அப்பறம் ஏனுங்க நிறுத்துல?"

"எஞ்சினியரு நார்மல்னு சொன்னாரு."

மகுடேஸ்வரன் துணியை மடித்து ஓரமாக வைத்தார். "ஸ்பேனர் புடிக்க ஆயிரம் பேர் கெடைப்பாங்க. நான் இத்தன வருசமாச் சம்பளம் குடுத்தது உங்க காதுக்குங்க. அத நீங்களே நம்புலீன்னா, நான் எப்படிங்க நம்பறது?"

பாண்டிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, தாங்கியிருப்பான். தன் காது செத்துவிட்டதா, உயிரோடு இருக்கிறதா என்று அவனுக்கு ஒரு முடிவு தெரிந்தாக வேண்டும். காது இல்லையென்றால் திங்கட்கிழமை கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறிவிடுவது என்று தீர்மானித்தான். சித்ராதேவியிடம் சொல்லியும்விட்டான்.

அந்த ஞாயிறு அனுப்பர்பாளையத்தில் கூட்டம், அங்கேயே சோதித்துவிடலாம் என்று பாண்டியும் போனான். சிவபிரகாஷ் தரணியின் சொல்படி வாங்கிய புது செட்டுக்குத் திறப்புவிழா. கேசரி எல்லாம் போட்டிருந்தார்கள். தரணி நடுநாற்காலியில் கண்ணை மூடி உட்கார, பாட்டு தொடங்கியது.

முதல் வரியிலேயே பாண்டிக்குத் தெரிந்துவிட்டது. இடது பாக்ஸ் பாடவில்லை.

தரணி மூடிய கண்ணைத் திறக்காமல் கையை விரித்தான். "என்னா ஸ்டேஜுங்க! இந்தச் செவுத்துல இருந்து அந்தச் செவுரு வரைக்கும் நிக்குது பாருங்க." பன்னிரண்டு பேரும் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் பார்த்தார்கள்.

பாண்டி இடது பக்கம் காதைச் சாய்த்தான். மறுபடி கூர்ந்து கேட்டான். சந்தேகமே இல்லை. "எடது பாக்ஸு பாடல, தம்பி" என்றான்.

"ஃபேக்டரிக் காதுங்கண்ணா" என்றான் தரணி. ஹாலில் சிரிப்பு.

பாண்டி எழுந்து போனான். இடது பாக்ஸுக்குப் பின்னால், வீடு கூட்டினவர்கள் தட்டிவிட்ட ஒயர் தரையில் கிடந்தது. அதை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டிவிட்டுச் சொருகினான். அறை முழுக்க பாட்டு நிறைந்தது. சிரித்தவர்கள் கேசரித் தட்டைப் பார்த்தார்கள். தரணி மட்டும் அசரவில்லை. தலையைச் சாய்த்துக் கொஞ்சம் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இப்ப ஸ்டேஜ் கலங்கிருச்சுங்க. முன்ன இருந்த அந்தக் க்ளாரிட்டி இல்லீங்க."

அதற்கும் தலைகள் ஆடின.

பாண்டிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் அழுகை வருகிற மாதிரி இருந்தது. "அட வெக்கங்கெட்டவனுகளா!" என்றவன் தரணி பக்கம் திரும்பினான். "ஒரு பொட்டி ஊமையாக் கெடக்கு, அதத் தெரியாத ஒன் பேச்சக் கேட்டு, நான் செஞ்ச பொட்டிய நானே அறுத்தேன்டா. நானூறு கிலோ துணிய நாசம் பண்ணிட்டு வந்து நிக்கிறேன். எனக்கு நல்லாக் கேக்குதுடா! அன்னைக்கும் நல்லாத்தான் கேட்டுச்சு!"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். பாதிப் படியில், மேலே சிவபிரகாஷ் தரணியிடம் குசுகுசுத்தது அவனுக்குத் துல்லியமாகக் கேட்டது.

"ஏனுங்க, அந்த ஒயரை மறுபடியும் கழட்டி உட்டர்லாங்களா?"