பால் காய்ச்சாத வீடு

யூத மத அறிஞர்கள் போரைப் பற்றி எழுதிய கட்டுரைகளைத் தமிழில் பெயர்த்துத் தரும்படி ஒரு பதிப்பகத்தார் கேட்டார்கள். என் தம்பி இஸ்ரேலில் கட்டட வேலையில் கம்பி கட்டிக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொன்னால் பாவம் பார்ப்பார்கள். அது எனக்குப் பிடிக்காது. தியாகதுருகத்தில் பள்ளிக்கூட வேலை முடிந்து வந்து தினம் நாலு பக்கம் செய்தேன்.

கட்டுரைகள் நிதானமாகத்தான் இருந்தன. போர் இரண்டு வகை: செய்தே தீர வேண்டியது ஒன்று, அரசன் விரும்பிச் செய்வது ஒன்று. விரும்பிச் செய்வதற்குப் பெரியவர்களின் சபை ஒப்ப வேண்டும். எதிரி வருவதற்கு முன்பே போய் அடித்தால் அது எந்த வகை என்று பக்கம் பக்கமாக வாதாடியிருந்தார்கள். முற்றுகையிட்டாலும் தப்பி ஓட ஒரு பக்கத்தைத் திறந்து வைக்க வேண்டும் என்றார் ஒருவர். இன்றைய நாட்டுப் பாதுகாப்புக்கு அதெல்லாம் ஒத்துவராது என்றார் இன்னொருவர். டிவியில் இடிந்த கட்டடங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல, சில சமயம் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துப் பார்த்தேன்.

ஒரு பக்கத்தில் மட்டும் சிரித்தேன். புது வீடு கட்டி இன்னும் குடிபோகாதவன் படையில் இருந்தால், அவன் ஊருக்குத் திரும்பலாம் என்று அதிகாரி அறிவிப்பானாம். விரும்பிச் செய்யும் போரில்தான் இந்தச் சலுகை. செய்தே தீர வேண்டிய போர் என்றால் கல்யாண மாப்பிள்ளையும் கிளம்ப வேண்டும்.

எங்கள் புது வீட்டுக்கு அப்போதுதான் வெள்ளையடித்து முடித்திருந்தோம். பால் காய்ச்சவில்லை. மாடியில் நின்றால் கல்வராயன் மலை தெரியும் என்று தம்பி பார்த்துப் பார்த்துப் போட்ட வீடு. போனில் அவனிடம் சொன்னேன்.

“உன்ன மாதிரி ஆளுங்கள வூட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்டா.”

“நெஜமாவா? அப்படியே எழுதிருக்குதா?”

“அது பட்டாளத்துக்காரனுக்கு. கம்பி கட்றவனுக்கு இல்ல.”

அவன் சிரித்தானா என்று நினைவில்லை. “பால் காய்ச்சறத ஆவணில வெச்சிக்கலாமேக்கா, நானும் வந்துடுவேன்” என்றான்.

அம்மா வைகாசியிலேயே நாள் பார்த்துவிட்டாள். ஆனி, ஆடியில் குடிபோக மாட்டோம், ஆவணிவரை வீடு சும்மா கிடக்கும் என்பது அவள் வாதம். “நீ எதுக்குப்பா அம்மாந்தூரத்துலேர்ந்து வந்துகினு போய்கினு? போன்ல பாத்துக்க” என்றாள். நானும் அதையே சொன்னேன். புத்தகத்துக்குக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் இன்னொரு முறை கேட்டபோது, சொன்னதையே சொல்லாதே என்று எரிந்து விழுந்தேன்.

அன்று காலை பால் பொங்கி வரும் நேரத்தில் நான்தான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் சைரன் அலறியது. அவன் முகம் போய், படிக்கட்டும் யார் யாருடைய கால்களோ சிலவும் தெரிந்தன. பிறகு திரை கறுத்துவிட்டது. அம்மா, “பால காட்டுடி அவனுக்கு” என்றாள். கறுத்த திரைக்குக் காட்டினேன். கால் மணி கழித்து அவனே கூப்பிட்டு, “பொங்கிச்சாக்கா?” என்றான். பொங்கியது என்று சொல்லிவிட்டு இலை போடப் போனேன்.

அடுத்த வாரம் செய்த கட்டுரையில் அதே சட்டம் மறுபடி வந்தது. பயந்தவனும் திரும்பிப் போகலாம் என்று அதில் கடைசியாக ஒரு பிரிவு உண்டு. பழைய அறிஞர் ஒருவரின் விளக்கம் இது: புது வீடு கட்டியவனுக்கும் புதுத் தோட்டம் போட்டவனுக்கும் பெண் நிச்சயமானவனுக்கும் தந்த சலுகைகள் பயந்தவனுக்காகவே சேர்க்கப்பட்டவை. அவன் படையை விட்டு விலகிப் போகும்போது, வீட்டு வேலையாகப் போகிறான் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவன் தலைகுனிய வேண்டியதில்லை.

அந்தப் பத்தியைப் பிழையில்லாமல் செய்து முடித்தேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது. தம்பி எங்களிடம் கேட்டது ஒரு சாக்கு, நாங்கள் கொடுக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகை வரவில்லை.

மறுநாள் கூப்பிட்டு, “பயமா இருக்குதாடா?” என்று கேட்டேன்.

“கையெழுத்து போட்டுட்டேன்க்கா. இன்னும் ரெண்டு வருஷம் இங்கதான். வூட்ல இன்னா விசேஷம் இருக்குதுன்னு மேஸ்திரி கேட்டாரு. எல்லாம் முடிஞ்சிடுச்சின்னேன். அப்ப இருந்துக்கன்னாரு. போவணும்னு சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லியே.”