நாற்பத்து மூன்றாம் வளை

"கொறிவிலங்கு ஒழிப்பாளர், நிலை இரண்டு: விரைந்து முடிவெடுப்பவர், ஐயமின்றிச் செயல்படுபவர்" என்கிறது அந்தச் சிறு விமான நிலையத்தின் பணிக் கோப்பு. அந்தப் பணியில் இருப்பவரோ வீட்டுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்து, தெருமுனையிலிருந்து திரும்பி வந்து நான்காம் முறையும் இழுப்பவர். வேலை வாங்கிக் கொடுத்தவர் மனைவியின் அண்ணன். மேற்பார்வையாளரும் அவரே, திட்டு வாங்க வெளியாளைத் தேட வேண்டியதில்லை.

ஓடுதளத்தை ஒட்டிய புல்வெளியில் தரை அணில்கள் வளை தோண்டும். அதில் நச்சு மாத்திரை போட்டு மண்ணால் மூடுவது இவர் வேலை. சிக்கல், சாண் உயர வளை ஆந்தை. அதற்கு வீடு வேண்டும், தோண்டச் சோம்பல். அணில் விட்டுப்போன வளையில் குடியேறிவிடும். அணில் வாசலில் புது மண்ணைக் குவிக்கும். ஆந்தை காய்ந்த சாணத்தையும் வண்டின் இறக்கைகளையும் பரப்பும்.

முதல் நாள் வளை வாயைக் காகிதத்தால் அடைப்பார்கள். மறுநாள் அது வெளியே கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று கணக்கு. எந்த ஆள் என்று காகிதம் சொல்லாது. போன வருடம் அப்படி இவர் மாத்திரை போட்ட ஒரு வளை மழையில் இடிந்தது; உள்ளே நான்கு ஆந்தைக் குஞ்சுகள் செத்துக் கிடந்தன. அன்றிலிருந்து இவருக்குக் கை ஓடுவதில்லை.

பதினொரு மணிக்குப் புல்தரையை அழுத்திச் சமன்செய்யும் ரோலர் வரும். அதற்குள் எல்லா வளையும் மூடியிருக்க வேண்டும். கடைசி வளையின், நாற்பத்து மூன்றாவதின், வாசலில் புது மண்ணும் இருந்தது, வண்டு இறக்கையும் இருந்தது. உள்ளே ஏதோ சீறியது. பயந்த ஆந்தைக் குஞ்சு பாம்பு போலச் சீறும். பாம்பும் பாம்பு போலத்தான் சீறும்.

"என்ன மாப்ள, தியானமா?" மேற்பார்வையாளர் பின்னால் வந்து நின்றார்.

"மச்சான், உள்ள சீறுது."

"அணில்னு எழுதி மாத்திரையப் போடுங்க."

"அணில் சீறாதே."

"அப்போ பாம்பு. அதுக்கும் மாத்திரை கேக்கும்."

"ஆந்தையா இருந்தா?"

"என் தங்கச்சி எப்படித்தான் உங்களோட குப்பை கொட்டுறாளோ. இன்னிக்கும் முடிக்கலைன்னா வேற ஆளப் போடச் சொல்லிட்டாங்க மேலிடத்துல. அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

தூரத்தில் ரோலர் உறுமியது. கரப்பான் பூச்சிக்கே மனைவியைக் கூப்பிடுகிற மனிதர் வளையின் முன் மண்டியிட்டார்.

மாத்திரை டப்பாவை மச்சான் கையில் கொடுத்தார். தோல் கையுறையை மாட்டி, குப்புறப் படுத்து, தோள் வரை கையை உள்ளே விட்டார். எதுவோ விரலைக் கவ்வியது. மெல்ல வெளியே எடுத்தார்: ஆந்தைக் குஞ்சு. அதைத் திரும்ப உள்ளே விட்டார். ரோலர் ஏறாதபடி சுற்றிலும் நான்கு கம்பு நட்டுக் கயிறு கட்டினார். படிவத்தில் "மூடப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.