வீட்டுக்குள் கோழிக்கால் வேண்டாம்

மலேசியாவில், கிள்ளானில் நான் தங்கியிருக்கும் வீட்டில் மற்றவர்களை அலாரம் எழுப்பும். நான் எழுந்ததை என் முனகல்தான் அவர்களுக்குச் சொல்லும். கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் இடது குதிகாலில் ஆணி இறங்கும். பத்தடி நடந்தால் வலி குறையும். கடையில் நாலு மணி நேரம் நின்றால் திரும்பி வந்துவிடும். கும்பகோணத்துக் கடையில் மெத்தைமேல் சம்மணமிட்டுப் பத்து வருடம் சேலை விற்றவன் நான். இங்கே கண்ணாடி மேசைக்குப் பின்னால் நாள் முழுக்க நிற்க வேண்டும். நிற்க முடியாவிட்டால் வேலை போகும், வேலையோடு பெர்மிட்டும் போகும் என்ற பயத்தில் ஆறு மாதம் வெளியே சொல்லவில்லை.

கடைசியில் கிளினிக்குக்குப் போனேன். உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த மலாய்ப் பெண் சுவரைப் பிடித்துக் கெண்டைக்காலை நீட்டவும், உறைந்த தண்ணீர்ப் போத்தலைப் பாதத்தின் கீழ் உருட்டவும் காட்டினாள். முடிவில் விரலை ஆட்டி, "ஜாங்கான் காக்கி ஆயாம் டி ருமா, யா?" என்றாள். எனக்கு எல்லாச் சொல்லும் தெரியும். ஜாங்கான், வேண்டாம். காக்கி, கால். ஆயாம், கோழி. ருமா, வீடு. மூன்று வாரம் நான் கோழியைத் தொடவில்லை. வலியும் என்னை விடவில்லை.

ஒருநாள் மதியம் கோழி வறுவலை ஒதுக்கி வைத்ததைப் பார்த்து, கூட வேலை செய்யும் சரோ அக்கா காரணம் கேட்டார். சொன்னேன். சிரித்ததில் அவருக்குப் புரையேறிவிட்டது.

"அய்யோ தம்பி, காக்கி ஆயாம்னா வெறுங்காலு லா! வீட்டுக்குள்ள செருப்பு போடச் சொல்லிருக்கு."

அன்று மாலையே பாசாரில் மெத்தென்ற செருப்பு வாங்கினேன். ஆனால் சாமி படம் மாட்டிய வீட்டுக்குள் போட மனம் வரவில்லை. ஊரிலிருக்கும் மனைவியிடம் அதுவரை மறைத்த வலியை அப்போதுதான் போனில் சொன்னேன்.

"போட்டுக்கிட்டே நடங்க. சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்," என்றாள்.

சரோ அக்கா முதலாளியிடம் பேசி மேசைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட வைத்தார். நானும் பயிற்சியை ஒருநாளும் விடவில்லை. வலி சொல்லிக்கொள்ளாமல் வந்ததுபோலவே போனது. எந்தக் காலையில் முனகாமல் எழுந்தேன் என்று எனக்கே நினைவில்லை.

போன வாரம் பஸ்ஸுக்குக் காத்திராமல் கடையிலிருந்து நடந்தே திரும்பிக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து மகள் போனில் கூப்பிட்டு, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

"வீட்டுக்குப் போய்க்கிட்டிருக்கேன்டா," என்றேன்.

"அம்மா! அப்பா வீட்டுக்கு வர்றாங்களாம்!" என்று கத்திக்கொண்டே அவள் உள்ளே ஓடினாள். அவள் ஓடும் சத்தம் கேட்டது. கிள்ளான் தெருவில் போனைக் காதோடு வைத்துக்கொண்டு, என் நடையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.