மூன்றாவது ஓட்டு

2006 அக்டோபர் 23, திங்கட்கிழமை. காலையில் குளித்து, திருத்தணி மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த என் தொலைபேசிக் கடையைத் திறந்தேன். கண்ணாடிக் கூண்டைத் துடைத்தேன். பில் மெஷினில் புதுக் காகிதச் சுருள் மாட்டினேன். தீபாவளி வெடிக் குப்பை வாசலில் இன்னும் கிடந்தது, பெருக்கித் தள்ளினேன். சஷ்டி விரதக்காரர்கள் மலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். டைரியில் அன்றைய பக்கத்தில் இவ்வளவும் இருக்கிறது. கீழே ஒரு வரி: "மாலை, கூட்டத்துக்குத் தலைமை." நான் தலைமை வகித்த ஒரே கூட்டம் அதுதான். நேபாளத்துக் கம்யூனிஸ்டுகளின் ஒரு சின்னக் கட்சி. நான் அதில் உறுப்பினர்கூட இல்லை.

கடைத்தெருவின் இரவுக் காவலர்தான் அந்தக் கட்சியைப் பற்றி முதலில் எனக்குச் சொன்னவர். எங்களுக்கெல்லாம் அவர் கூர்க்கா. தொண்ணூறுகளின் நடுவில் மனைவியோடு வந்தார். பின்னால் மனைவியின் தம்பியும் வந்து, அரக்கோணம் சாலையில் தள்ளுவண்டியில் நூடுல்ஸ் போட்டார். ஊருக்குப் பேச மூவரும் என் கடைக்குத்தான் வருவார்கள். பெரிய கட்சி ஒன்றிலிருந்து உடைந்து வந்தது அவர்களுடைய கட்சி. இந்தியாவில் வேலை பார்க்கும் காவலர்களும் சமையல்காரர்களும்தான் அதன் வெளியூர்க் கிளைகள். திருத்தணிக் கிளையில் உறுப்பினர்கள் இரண்டே பேர்: கூர்க்காவும் அவர் மச்சானும். மாதம் தவறாமல் கூட்டம் நடக்கும். ஒருவர் அறிக்கை வாசிப்பார், மற்றவர் கேட்பார். மச்சானின் அக்கா, அதாவது கூர்க்காவின் மனைவி, டீ போடுவார்.

2002இல் அங்கே கட்சி இரண்டாக உடைந்தது. தேர்தலில் நிற்பதா, புறக்கணிப்பதா என்று சண்டை. கூர்க்கா நிற்கலாம் என்ற பக்கம். மச்சான் புறக்கணிப்பு. இங்கேயும் ஆளுக்கொரு கிளை ஆனது. மச்சான் தன் கிளையைக் கூட்டினார். எதிர்ப்பக்கத்துக்காரன் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று தானே முன்மொழிந்து, தானே வழிமொழிந்து, ஒருமனதாக நிறைவேற்றினார்.

எதிர்ப்பக்கத்துக்காரன் வீடு அவருடைய அக்கா வீடு. தீபாவளியை ஒட்டி அவர்களுக்கு ஒரு நாள் உண்டு. அன்று உடன்பிறந்தவனை உட்காரவைத்து, நெற்றியில் ஏழு நிறத்தில் பொட்டிட்டு, வாடாமல்லி மாலை போடுவார்கள். அவன் ஆயுசுக்காக வாசலில் ஒரு அக்ரூட் கொட்டையை உடைப்பார்கள். இங்கே அக்ரூட்டுக்கு எங்கே போவது? அக்கா கொட்டைப்பாக்கை வைத்துக்கொண்டார். ஆனால் உட்கார ஆள் வரவில்லை. நான்கு வருஷமும் அன்றைக்குப் பலகை போட்டுக் காத்திருந்துவிட்டு, மாலையை வாசல் நிலையில் மாட்டிவிட்டு, லாட்ஜில் பெருக்கிற வேலைக்குப் போனார்.

"ஓட்டு அங்க, சண்டை இங்க," என்பார் என்னிடம். "இதுல ரெண்டு பேருக்கும் ஓட்டே இல்லண்ணா."

2006இல் நேபாளத்தில் அந்த இரண்டு பக்கமும் மறுபடி ஒன்று சேர்ந்தன. கிளைகளும் கூடி இணைந்து, ஒரு செயலாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று போனில் உத்தரவு வந்தது. தலைமை வகிக்க எந்தப் பக்கமும் சேராத ஆள் வேண்டுமாம். எனக்கு நேபாளி தெரியாதே என்றேன்.

"அதான் சார் நல்லது," என்றார் கூர்க்கா.

மாலையில் என் கடையிலேயே கூடினோம். தலைவருக்குப் புரிய வேண்டும் என்று இருவரும் தமிழில் பேசினார்கள். கட்சி வார்த்தைகள் அவர்களுக்குத் தமிழில் தெரியாது. கடைத்தெருத் தமிழ்தான் தெரியும்.

"செயலாளர் நான்தான். நான் சீனியரு," என்றார் கூர்க்கா.

"நீயா? தூங்கிகினே விசில் ஊதுற ஆளு நீ," என்றார் மச்சான்.

"உன் நூடுல்ஸத் துன்னவன் எவனாச்சும் ரெண்டாவது வாட்டி வந்துகிறானா?"

"கட்சியப் பத்திப் பேசு. நூடுல்ஸ இழுக்காத."

வாக்கெடுத்தேன். ஒன்றுக்கு ஒன்று. மறுபடி எடுத்தேன். அதே.

மச்சான் எழுந்துவிட்டார். "முடியாதுங்க தலைவரே. சேரலன்னு ஊருக்குச் சொல்லிடறேன். பழைய தீர்மானம் அப்பிடியே இருக்கட்டும்."

அக்கா டீத் தூக்கோடு வாசலில் நின்றிருந்தார். விடிந்தால் பொட்டிடும் நாள். அதை அவர் சொல்லவில்லை. "உறுப்பினர் ஆவணும்னா இன்னா செய்யணும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. கூர்க்காதான் சொன்னார்: "ரெண்டு உறுப்பினரு சிபாரிசு பண்ணணும்."

"அதான் ரெண்டு பேரு கீறீங்களே, பண்ணுங்க. இத்தினி வருசமா உங்க கட்சிக்கு டீ போட்டுகினு கீறேன்."

கூர்க்கா கையைத் தூக்கினார். மச்சான் யோசித்தார். பிறகு அவரும் தூக்கினார். பிரிந்த நாளிலிருந்து இரண்டு கிளைகளும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

"செயலாளரா யாருனா ஆயிக்கங்க," என்றார் அக்கா. "மொதல்ல என் தீர்மானம். வாசல மிதிக்க மாட்டேன்னு போட்டியே, அது ரத்து."

வாக்கெடுத்தேன். அக்கா ஆதரவு. கூர்க்கா ஆதரவு. மச்சான் விறைப்பாக நின்று, "எதிர்ப்பு" என்றார்.

"ரெண்டுக்கு ஒண்ணு. நிறைவேறியது," என்றேன்.

"கொறஞ்ச ஓட்டுக்காரன் அதிக ஓட்டுக்குக் கட்டுப்படணும். டீ ஊத்திகினே கேட்டுகிறேன்டா. அதான உங்க விதி?" என்றார் அக்கா.

"ஆங். விதி அதான்," என்றார் தம்பி. "கட்டுப்பட்டுத்தான் ஆவணும்." கட்டாயத்துக்குச் சொன்னவர் முகமாக அது இல்லை. டீயை வாங்கிக்கொண்டு, "பாவா, நீ குடி மொதல்ல," என்று நீட்டினார். அக்கா புருஷனை அப்படிக் கூப்பிடுவது இங்கத்தித் தெலுங்குக்காரர்களிடம் பிடித்துக்கொண்ட முறை. நான்கு வருஷமாகக் கூர்க்காவை அவர் "அந்த ஆளு" என்றுதான் சொல்லிவந்தார்.

செயலாளர் தேர்தலை ஒத்திவைத்தேன்.

மறுநாள் காலை நான் கடைக்கு வந்தபோது, ஷட்டருக்கு முன்னால் மச்சான் நின்றிருந்தார். குளித்த தலை, இஸ்திரி போட்ட சட்டை.

"தீர்மானம் அமலாவறத தலைவர் பாக்கணுங்க," என்றார். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஓட்டோடு ஒரு முழு அக்ரூட்.

"இது இங்க கிடைக்காதே. எப்ப வாங்கினே?"

"போன வாரம் மெட்ராஸ் போனப்ப." சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

கடைச் சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அன்று முதல் வேலையாக அவரோடு அக்கா வீட்டுக்கு நடந்தேன்.